கருவி காணும்; மனிதன் சான்று பகர்வான்

கொலையுண்ட ஒருவர் கிடக்கும் அறைக்குள் பலரும் நுழைகின்றனர். அண்டை வீட்டார், காவலர், மருத்துவர் என ஒவ்வொருவரும் எதையேனும் தொட்டோ நகர்த்தியோ விடுகின்றனர். வழக்கு மன்றத்திற்கு வரும் நாளில் அந்த அறை பழைய அறையாக இருப்பதில்லை. நிழற்படம் வழக்கிற்கு வரும் முன் நீதிபதிகள் சாட்சிகளின் நினைவையும், கையால் வரைந்த படங்களையுமே நம்ப வேண்டியிருந்தது. நினைவோ அச்சத்தாலும் பகையாலும் திரியக்கூடியது.

1839-ஆம் ஆண்டு பாரிசில் நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. காவல்துறையினர் தொடக்கத்தில் கைதிகளின் முகங்களைப் பதிவு செய்யவே அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். குற்றம் நிகழ்ந்த இடத்தைப் படம்பிடிப்பதற்கு ஓர் ஒழுங்குமுறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் (1853-1914). 1879-இல் பாரிஸ் காவல்துறைத் தலைமையகத்தில் எளிய எழுத்தராகச் சேர்ந்த அவர், உடலுறுப்புகளை அளந்து குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையைக் கண்டார். கைதியின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம்பிடிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவரும் அவரே.

அதே அளவுப் பற்றுடன் அவர் கொலைக்களத்தையும் அணுகினார். உயர்ந்த முக்காலியின் மேல் கருவியைப் பொருத்தி, அகன்ற கோண வில்லையின் வழியே, கிடக்கும் உடலை நேர் மேலிருந்து படமெடுக்கச் செய்தார். ஓரங்களில் அளவுகள் அச்சிடப்பட்ட அட்டைகளில் படங்கள் ஒட்டப்பட்டன. உடலுக்கும் பிற பொருள்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பின்னாளிலும் படத்தைக் கொண்டே கணக்கிட முடிந்தது. அறை கலைந்து போனாலும் அதன் சான்று கலையவில்லை.

இக்கலையைக் கல்வியாக வளர்த்தவர் ருடால்ஃப் ஆர்ச்சிபால்ட் ரைஸ். 1909-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் அறிவியலுக்கென ஒரு நிறுவனத்தை அவர் தொடங்கினார். 1914-இல் போர் மூண்டபோது, செர்பிய அரசின் அழைப்பை ஏற்று அங்குச் சென்று, படையெடுத்து வந்த ஆஸ்திரிய-அங்கேரியப் படையினர் குடிமக்களுக்கு இழைத்த கொடுமைகளை ஆய்ந்து பதிவு செய்தார். ஓர் அறையில் நிகழ்ந்த கொலைக்குச் சான்று தேடக் கற்ற கலை, ஊர் ஊராய் மடிந்தோர்க்கும் சான்றாக நின்றது. ஆபேலின் குருதி சிந்திய நிலத்திற்கு ஒரு குரல் உண்டென நம்பும் நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது.

ஆயின் பெர்த்தியோனின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. 1894-இல் யூதரான ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். கையெழுத்து ஆய்வில் முறையான பயிற்சி இல்லாத பெர்த்தியோன், குற்றத்திற்குச் சான்றான கடிதம் டிரைஃபஸின் கையெழுத்தே எனச் சாதித்தார். எழுத்தில் காணப்பட்ட வேற்றுமைகளைக்கூட, அவர் தம் கையெழுத்தைத் தாமே மாற்றி எழுதினார் என்பதற்கு ஆதாரமாக்கினார். ஒத்திருந்தாலும் குற்றம், ஒவ்வாதிருந்தாலும் குற்றம்! டிரைஃபஸ் பிரெஞ்சுக் கயானாவின் சாத்தான் தீவில் சிறைவைக்கப்பட்டார். புகழ்பெற்ற கணித அறிஞர்கள் பெர்த்தியோனின் வாதத்தை ஆய்ந்து, அதற்கு அடிப்படையில்லை என்றனர். 1906-இல் நீதிமன்றம் டிரைஃபஸைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

அறையின் ஒவ்வொரு முழத்தையும் துல்லியமாக அளக்கச் செய்தவர், தம் உள்ளத்தின் சாய்வை அளக்கத் தவறினார். அந்நாளில் அவர் தனித்தும் இல்லை. சிலுவை எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய 'லா குருவா' என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்க நாளேடும் டிரைஃபஸுக்கும் யூதர்களுக்கும் எதிராக நஞ்சு கக்கியது. 1998 சனவரியில் அவ்வேடு அப்பிழையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு வருந்தியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பொய்ச்சான்றை விலக்கும் கட்டளையை, வேண்டுமென்றே பொய்யுரைப்போர்க்கு மட்டும் உரியதென நாம் எண்ணிவிடுகிறோம். முன்பே முடிவுசெய்துகொண்டு சான்றைத் தேடுபவனும் அதனை மீறுகிறான். கருவி தன் முன் உள்ளதை அப்படியே ஏற்கிறது. அதற்கு உறவில்லை, பகையில்லை, இனமில்லை. அதன் படத்தைக் கையிலேந்திப் பேசுபவன் மனிதன். அயலான் மீது ஒரு குற்றச்சாட்டு நம் செவிக்கு எட்டும்போது, நாமும் ஒரு வழக்கின் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறோம். அங்கே வாய் திறக்குமுன் நம் மனச்சான்றை ஒருமுறை சோதித்துக்கொள்வது நம் கடமையன்றோ?