மருத்துவமனைக் கட்டடமும் தொற்றுத் தடுப்பும்

ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவரை அங்கேயே வேறொரு நோய் பற்றிக்கொள்வதில் கட்டடத்துக்கு என்ன பங்கு என்று ஆராய்ந்து, அதைக் குறைக்க வழி தேடும் துறை. காற்றோட்டம், படுக்கைகளுக்கு இடையிலான தூரம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கதவின் கைப்பிடி என எல்லாம் இதில் அடங்கும். இதன் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. நோய் எப்படிப் பரவுகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் நல்ல வார்டுகளைக் கட்டினார்கள். சரியாகப் புரிந்துகொண்டவர்களின் காலத்தில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

தொடக்கம் பாரிஸ் நகரின் ஒத்தேல் தியே மருத்துவமனை. 1772 இறுதியில் அதன் ஒரு பகுதி தீக்கிரையானது. அதை அதே இடத்தில் எழுப்புவதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா என்ற வாதம் பல ஆண்டுகள் இழுத்தது. அறுவை மருத்துவர் ழாக் தெனோன் அளவுகோலும் ஏடுமாக வார்டு வார்டாக நடந்து, 1788இல் தம் அறிக்கை நூலை வெளியிட்டார். ஒரே கட்டிலில் நான்கு பேர், சில கட்டில்களில் ஆறு பேர். காய்ச்சல்காரரும் பிரசவித்தவரும் பக்கம் பக்கமாக. உள்ளே வருபவர்களில் ஏறக்குறைய நாலரைப் பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்று அவர் கணக்கிட்டார். முந்தைய ஆண்டு இங்கிலாந்து சென்றிருந்தபோது பிளிமத் அருகே ஸ்டோன்ஹவுஸ் கடற்படை மருத்துவமனையைப் பார்த்திருந்தார். அங்கே வார்டுகள் தனித்தனிக் கட்டடங்களாக, நடுவே வெளி விட்டு நின்றன. ‘பெவிலியன்’ அமைப்பு என்று பிற்பாடு உலகமெங்கும் பரவியது இந்த முறைதான். 1854இல் பாரிசில் திறக்கப்பட்ட லாரிபுவாசியேர் மருத்துவமனை அதன் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

பெவிலியன் அமைப்புக்கு ஆங்கில உலகில் பெயர் வாங்கித் தந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனை, அடைபட்ட சாக்கடையின் மேல் உட்கார்ந்திருந்தது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைத் தூர்வாரி, காற்று வர வழி செய்தது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42ஐத் தொட்ட இறப்பு, ஜூனில் 2 என்ற அளவுக்கு இறங்கியது. ஊர் திரும்பிய நைட்டிங்கேல் 1859இல் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நீண்ட வார்டு, இருபுறமும் எதிரெதிராக உயர்ந்த ஜன்னல்கள், இரண்டு கட்டிலுக்கு ஒரு ஜன்னலாவது என்பது அவர் சொன்ன கணக்கு. கிருமிக் கொள்கையை அவர் வெகுகாலம் ஏற்கவில்லை. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பினார். நம்பிக்கை தவறு, ஜன்னல் சரி.

வியன்னாவில் கதை வேறு. இக்னாஸ் செம்மெல்வைஸ் பணியாற்றிய பிரசவ வார்டு இரண்டு பிரிவாக இருந்தது. மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிடப் பல மடங்கு தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். கட்டடம் ஒன்றே, காற்றும் ஒன்றே. வேறுபட்டவை பிணவறையிலிருந்து நேராக வரும் கைகள். 1847 மே மாதம் குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு ஜூனில் 2 ஆனது. வார்டு வாசலுக்குக் கை கழுவும் தொட்டி வந்து சேர்ந்த கதை இது. அந்தத் தொட்டியைப் பிறகு பார்ப்போம்.

1869இல் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்சன் இன்னொரு கணக்கை முன்வைத்தார். பெரிய மருத்துவமனைகளிலும் நாட்டுப்புறத்திலும் கை, கால் துண்டிக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டாயிரம் பேரை இரு தரப்பிலும் எடுத்துக்கொண்டார். மருத்துவமனையில் நூற்றுக்கு 41 பேர் இறந்திருந்தார்கள். வீட்டிலேயே அறுவை நடந்த நாட்டுப்புறத்தில் 11 பேர். பெரிய கட்டடங்களை இடித்துவிட்டுச் சின்னச் சின்ன இரும்புக் குடில்கள் போடலாம் என்றார். காயத்தில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தோடு ஜோசப் லிஸ்டர் அதற்குள் வந்துவிட்டதால் அந்த யோசனை எடுபடவில்லை.

கூரைமேல் கினிப்பன்றிகள்

கிருமி உறுதியானதும் காற்றைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. அதை மீண்டும் எழுப்பியவர் அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ். இருமும்போது தெறிக்கும் துளிகளில் மிகச் சிறியவை தரையை அடையும் முன்பே உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி மணிக்கணக்கில் மிதக்கும் என்று 1934இல் எழுதினார். நம்பியவர்கள் சிலரே. நிரூபிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பால்டிமோரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றில், ரிச்சர்ட் ரைலியும் வெல்ஸும் ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டைத் தனியாகப் பிரித்தார்கள். அந்த வார்டின் காற்று வேறெங்கும் போகாமல் குழாய் வழியே மொட்டைமாடிக் கூண்டுகளுக்குப் போனது. அங்கே சுமார் நூற்றைம்பது கினிப்பன்றிகள். கீழே இருமியவர்களை அவை பார்த்ததில்லை, தொட்டதில்லை, காற்றைச் சுவாசித்ததோடு சரி. இரண்டே ஆண்டுகளில் 71 விலங்குகளுக்குத் தொற்றியது. பக்கத்துக் கூண்டுக்குப் போகும் காற்றில் வழியிலேயே புற ஊதாக் கதிர் பாய்ச்சினார்கள். அங்கே ஒன்றுக்கும் தொற்றவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது. நோயாளிகள் எல்லாரும் ஒரே அளவில் பரப்பவில்லை. பெரும்பாலான தொற்றுகள் ஒரு சிலரிடமிருந்தே வந்தன, மருந்து எடுக்கத் தொடங்கியவர்கள் பரப்புவது வெகுவாகக் குறைந்தது.

அதே ஆண்டுகளில் சென்னையில் நடந்த ஆய்வு இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்கது. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறத் தொடங்கிய சானடோரியம், திறந்த வெளிக் காற்றே மருந்து என்ற நம்பிக்கையில் எழுந்தது. இன்றும் அங்குள்ள மின்ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்தான். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையமோ நெருக்கடியான வீடுகளிலேயே தங்கி மருந்து உண்டவர்களையும், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவுமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு: குணமாவதில் பெரிய வேறுபாடில்லை. உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு.

அறுவை அரங்கில் காற்றைத் தூய்மையாக்கும் முயற்சியை முன்னெடுத்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று செய்த ஜான் சார்ன்லி. 1960களின் தொடக்கத்தில், வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அறுவை செய்தார். பின்னர் பல மருத்துவமனைகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டு மாற்றுகளை ஆராய்ந்து 1982இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆழமான சீழ்த்தொற்று 1.5 விழுக்காட்டிலிருந்து 0.6ஆகக் குறைந்திருந்தது. ஆனாலும் 2016இல் உலக சுகாதார நிறுவனம், புதிய தரவுகளைக் காட்டி, இத்தகைய சீர்காற்று அமைப்பு மூட்டு மாற்றுக்கு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. சான்று வலுவற்றது என்று அதுவே ஒப்புக்கொண்டது. அறுவை மருத்துவர்களிடையே சண்டை ஓயவில்லை.

ஜன்னலுக்கு வக்காலத்து வாங்கிய ஆய்வு பெரு நாட்டிலிருந்து வந்தது. ரோட்ரிக் எஸ்கோம்பும் உடனிருந்தோரும் லிமாவின் எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளில் கரியமில வாயுவை விட்டு, அது எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்று அளந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, 1950க்கு முன் கட்டிய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட வார்டுகளில் எல்லாவற்றையும் திறந்துவைத்தால் மணிக்கு 40 முறை காற்று மாறியது; பின்னாளில் கட்டியவற்றில் 17 முறை; இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்கு விதிக்கப்பட்ட அளவோ 12. காற்றுவழித் தொற்றைக் கணிக்கும் வெல்ஸ்-ரைலி சமன்பாட்டில் இவற்றைப் போட்டார்கள். சிகிச்சை தொடங்காத காசநோயாளிகளோடு 24 மணி நேரம் இருப்பவர்களில் தொற்றக்கூடியவர்கள் பழைய வார்டில் நூற்றுக்கு 11, புதிய வார்டில் 33, இயந்திர அறையில் 39. இவை கணக்கீடுகளே, காற்று வீசாத நாளுக்கும் குளிர் நாட்டுக்கும் அப்படியே பொருந்தா. 2003இல் ஹாங்காங் மருத்துவமனை வார்டொன்றில் சார்ஸ் பரவிய அனுபவமும் சேர, 2009இல் உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டத்துக்குத் தனி வழிகாட்டி வெளியிட்டது.

வாஷ்பேசின்

கதவுப் பிடிகள் பற்றிய ஆய்வு தனிக் கிளை. பென்சில்வேனியாவில் பில்லிஸ் கூன், பளபளக்கும் எவர்சில்வர் பிடிகளைவிட மங்கிய பித்தளைப் பிடிகளில் கிருமி குறைவு என்று 1983இல் காட்டினார். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு இதில் ஒரு திருப்தி இருக்கலாம். ஆனால் பித்தளையில் கலந்திருக்கும் செம்பை அறையெங்கும் பூசினால் நோயாளிக்குத் தொற்று குறைகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இனி அந்தத் தொட்டி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஏமி மேதர்ஸ் குழு மருத்துவமனையில் உள்ளதைப் போலவே ஐந்து வாஷ்பேசின்களை ஆய்வகத்தில் வரிசையாகப் பொருத்தியது. நாற்றம் ஏறாமலிருக்க நீர் தேங்கும் அடி வளைவுக் குழாயில், பச்சையாக ஒளிரும் கிருமியை விட்டார்கள். 2017இல் வெளியான முடிவு: கிருமி குழாயின் உட்சுவர் வழவழப்பைப் பற்றிக்கொண்டு நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் மேலேறி, ஒரு வாரத்தில் வடிகட்டித் தட்டை எட்டியது. அதன் மேல் குழாய்த் தண்ணீர் நேராக விழுந்தபோது சுற்றிலும் தெறித்தது. கை கழுவும்போது அருகிலேயே மருந்துத் தட்டு வைக்கும் பழக்கம் எவ்வளவு சாதாரணம் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அதே ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு இன்னும் துணிந்த முடிவை வெளியிட்டது. நோயாளி அறைகளிலிருந்து வாஷ்பேசின்களை அடியோடு கழற்றிவிட்டார்கள். உடம்பு துடைக்க ஈரத்துணிகள், கைக்கு ஆல்கஹால் திரவம். அதன்பின் கழிவுக் குழாய்களில் குடியிருக்கும் வகைக் கிருமிகள் நோயாளிகளிடம் குறைந்தன. இரண்டு நாள் தங்கியவரிடம் வேறுபாடு சிறிது. பதினான்கு நாளும் அதற்கு மேலும் தங்கியவர்களிடம் மூன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது.