சுதந்திரம் வந்ததும் பிரஜாவுரிமை போனதுமான ஆண்டு – 1948

ஒரு சமூகம் தன் சரித்திரத்தை அறியாதிருக்குமாயின், தன் உரிமையின் விலையையும் அறியாது. பண்டை மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மனப்பாடம் செய்த நாம், நம் பாட்டன் பாட்டியரின் வாழ்வை மாற்றியமைத்த ஓர் ஆண்டைப் பற்றிச் சிறிதே அறிவோம். அந்த 1948ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை இம்மலரில் வரிசையாக நினைவுகூர விழைகின்றோம்.

அவ்வாண்டு துக்கத்துடனேயே தொடங்கிற்று. சனவரி 30ஆம் நாள் மகாத்மா காந்தியடிகள் டில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து மலைநாட்டையும் கண்டு சென்ற அப்பெரியார், தோட்ட மக்களுக்கு ஏட்டில் மட்டும் கண்ட தலைவர் அல்லர். அவர் மறைந்த ஐந்தாம் நாள், பெப்ரவரி 4இல், இலங்கை சுதந்திர நாடாயிற்று. திரு. டி. எஸ். சேனநாயக்கா முதலாவது பிரதம மந்திரியாக வீற்றிருந்தார். பெப்ரவரி 10இல் குளோஸ்டர் கோமகன் கொழும்பில் புதிய பாராளுமன்றத்தைச் சம்பிரதாயப்படி திறந்து வைத்தார். எங்கும் தோரணம், எங்கும் கொடி.

அப்போது நம்மவரும் வாக்காளரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் திரு. எஸ். தொண்டமான், தலவாக்கொல்லையில் திரு. சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் திரு. கே. இராஜலிங்கம் முதலியோர் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் வெற்றி பெற்றனர். நமது சப்ரகமுவாவில் அக்காங்கிரஸுக்கு ஆசனம் எதுவும் கிட்டவில்லை. எனினும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் வாக்குகளுக்குப் பல தொகுதிகளில் மதிப்பு இருந்தது. இடதுசாரித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா தெரிவானதும் நமது மாகாணத்து ருவன்வெல்லைத் தொகுதியிலேதான்.

அந்தத் தேர்தலில் மொத்தம் 95 ஆசனங்கள். அவற்றுள் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 மட்டுமே. தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் பலமாகிவிடும் என்ற அச்சம் ஆள்வோரிடம் இருந்தது. பெருந்தோட்டங்களுக்கு நிலத்தைப் பறிகொடுத்த கண்டிச் சிங்களக் குடியானவரின் மனக்குறையும் மெய்யானதே. ஆனால் நிலத்தை எடுத்தவன் வெள்ளைத் துரை. பழி வந்து விழுந்ததோ அத்துரையிடம் கூலி பெற்றவன் தலையில். 1946ஆம் ஆண்டிலேயே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மையர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசினரால் எடுக்கப்பட்டு, தொழிலாளர் வெளியேறும்படி பணிக்கப்பட்டதும், அவர்கள் மறுத்து நின்றதும், அயல் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்ததும் வரப்போவதற்கு முன்னறிவித்தல்களாயின.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், பிரஜாவுரிமை மசோதா 35 வாக்குகளுக்கு எதிராக 53 என்ற கணக்கில் நிறைவேறிற்று. இடதுசாரிக் கட்சியினர் எதிர்த்தே வாக்களித்தனர் என்பதை நாம் நன்றியுடன் குறிக்க வேண்டும். அதுவே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது.

அச்சட்டம் கேட்டது யாது? இந்நாட்டிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் இங்கே பிறந்தது கணக்கில் சேராது. லயத்துக் காம்பராவில் பிறந்தவன் தன் தந்தையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவான்? செக்ரோலில் பெயர் இருந்தது. பத்துச்சீட்டிலும் பெயர் இருந்தது. நாட்டின் பிரஜைகள் வரிசையில் மட்டும் பெயர் இல்லை!

அவ்வாண்டின் கடைசி மாதம் இன்னொரு செய்தியையும் கொணர்ந்தது. டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15ஆம் உறுப்புரை, ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜாவுரிமை உண்டு என்கிறது. உலகம் அவ்வாறு உரைத்த வேளையில், இங்கே இலட்சக்கணக்கானோர் நாடற்றவராய் நின்றனர்.

பின்னர் நேர்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பம் செய்வோருக்கு ஒரு வழி திறந்தது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. ஒரே வீட்டில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த கதைகளை நம் முதியோரிடம் இன்றும் கேட்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அந்த அநீதிக்கு முடிவு கண்டன. ஓராண்டில் கைவிட்டுப் போனதை மீட்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன!

இளைஞர்களே! இச்சரித்திரத்தை நாம் கூறுவது எவர் மீதும் பகை வளர்ப்பதற்கன்று. அன்று நமக்காகக் கை உயர்த்தியவர்களுள் சிங்களச் சகோதரரும் இருந்தனர். ஆனால் ஏட்டில் பதியாத வாழ்வு எளிதில் மறுக்கப்படும் என்பதே 1948 புகட்டும் பாடம். ஆகவே குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யுங்கள். அடையாள அட்டையையும் வாக்காளர் இடாப்பையும் தவறாது கவனியுங்கள். பாட்டனாரின் பழைய பத்திரங்களைக் கறையானுக்கு இரையாக்காதீர்கள். குடியிருக்கும் காணிக்கு உறுதியற்றவர் நம்மில் இன்றும் பலர். அவ்வுறுதியைப் பெறும் வரை, 1948ஆம் ஆண்டின் கணக்கு முற்றாகத் தீர்ந்ததென நாம் கொள்ளலாகாது.