எம்.பி.ஏ. படிப்பின் வரலாறு

எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாக முதுகலைப் படிப்பு, நிறுவனங்களை வழிநடத்தும் பொறுப்புக்கு வருவோரை உருவாக்கும் பட்ட மேற்படிப்பு ஆகும். அமெரிக்காவில் தோன்றிய இப்படிப்பின் வரலாறு முழுவதும் ஒரு கேள்வி தொடர்கிறது: தலைமைப் பண்பை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா?

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இரயில் நிறுவனங்களும் எஃகு ஆலைகளும் பெரிதாக வளர்ந்தன. உரிமையாளரே அனைத்தையும் நேரில் கவனிக்க இயலாததால், சம்பளத்துக்குப் பணியாற்றும் மேலாளர்கள் தேவைப்பட்டனர். 1881இல் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டனின் நன்கொடையால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கப்பட்டது. அது முதலில் இளநிலைக் கல்வியையே வழங்கியது. 1900இல் டார்ட்மவுத் கல்லூரியில் அமைந்த டக் பள்ளி, இத்துறையின் முதல் பட்ட மேற்படிப்புப் பள்ளியாகும். எம்.பி.ஏ. என்ற பெயரில் பட்டத்தை முதலில் அறிமுகப்படுத்தியது, 1908இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி.

நிகழ்வாய்வு முறை

ஹார்வர்டு பள்ளியின் முதல் தலைவரான எட்வின் கே, பொருளாதார வரலாற்று அறிஞர். சட்டப் பள்ளியில் வழக்குகளைக் கொண்டு கற்பிப்பது போல, வணிகத்தையும் உண்மையான சிக்கல்களைக் கொண்டு கற்பிக்க அவர் விரும்பினார். 1919இல் பொறுப்பேற்ற வாலஸ் டோன்ஹாம் சட்டம் பயின்றவர். அவர் காலத்தில் இம்முறை வேரூன்றியது. ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கல் மாணவர்களுக்கு எழுத்து வடிவில் தரப்படும். அவர்கள் மேலாளரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்து, கிடைத்த தகவல்களைக் கொண்டே முடிவெடுத்து, வகுப்பில் அதற்காக வாதாட வேண்டும்.

1959 அறிக்கைகள்

ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அமைப்பும் ஆதரித்த இரு ஆய்வறிக்கைகள் 1959இல் வெளிவந்தன. வணிகப் பள்ளிகளின் கல்வித் தரம் தாழ்ந்திருப்பதாக அவை குறைகூறின. அதன்பின் கணிதம், புள்ளியியல், பொருளியல், நடத்தை அறிவியல் ஆகியவை பாடத்திட்டத்தில் வலுப்பெற்றன.

இந்தியாவில்

1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. முன்னதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சுலோன் பள்ளியும், பின்னதற்கு ஹார்வர்டும் துணைநின்றன. அகமதாபாத் நிறுவனம் நிகழ்வாய்வு முறையையே தன் அடிப்படையாக்கியது. இந்நிறுவனங்கள் நெடுங்காலம் முதுநிலைப் பட்டயமே வழங்கின. பட்டம் வழங்கும் அதிகாரத்தை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது.

விமர்சனம்

மேலாளரும் தலைவரும் ஒரே வகையினர் அல்லர் என்று ஹார்வர்டு பேராசிரியர் ஆபிரகாம் சலெஸ்னிக் 1977இல் வாதிட்டார். மேலாண்மை என்பது பணியில் ஈடுபட்டுப் பழகும் கலை என்றும், அனுபவமற்ற இளைஞரை வகுப்பறை மேலாளராக்காது என்றும் கனடிய அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004இல் எழுதினார். பல பள்ளிகள் இன்று சேர்க்கையின்போதே பணி அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. வகுப்பறை மட்டும் போதாது என்பதை அப்பள்ளிகளும் ஏற்றுக்கொண்டதையே இது காட்டுகிறது.