ஹெட்போன் புராணம்: பாட்டுக்கா, வேட்டைக்கா?

"கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடணும். ராத்திரி படுக்கும்போது ராஜா பாட்டும் கேட்கணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட்போனா சொல்லுப்பா!"

பொட்டி தட்டுற பொழப்புல இருக்குற எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாங்க, இல்லேன்னா இதுக்குப் பதில் சொல்லி மண்டை காஞ்சிருப்பாங்க. கடைக்குப் போனா ரெண்டு அலமாரி. ஒண்ணுல கறுப்பு, சாம்பல்னு அடக்க ஒடுக்கமா உட்கார்ந்திருக்குற 'இசை' ஹெட்போன்கள். இன்னொண்ணுல சிவப்பும் பச்சையுமா லைட்டு போட்டு, திருவிழாத் தேர் மாதிரி ஜொலிக்கிற 'கேமிங்' ஹெட்செட்கள். பெட்டி மேல 7.1னு கொட்டை எழுத்து வேற.

இந்த ரெண்டும் நெசமாவே வேற வேற வகையறாவா? இதுக்கு நேரா பதில் சொல்றதை விட, கொசுவத்தியைக் கொஞ்சம் பலமா சுத்தினா வெளிச்சம் ஜாஸ்தி கிடைக்கும். 1881க்குப் போகணும். வாங்க.

பாரிஸ்ல ஒரு கச்சேரி

1881ல பாரிஸ்ல ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. கிளெமென்ட் அடேர்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் (நம்ம இனம்!) ஓபரா அரங்கத்தோட மேடை விளிம்புல வரிசையா டெலிபோன் டிரான்ஸ்மிட்டர்களை வெச்சார். அங்கேருந்து சுமார் ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பொருட்காட்சிக்கு ஒயர் இழுத்தார். கேட்க வந்தவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு ரிசீவர். மேடையோட இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு, வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு.

பாட்டு கேட்டதுல ஜனங்களுக்கு ஆச்சரியம்தான். ஆனா அதை விடப் பெரிய ஆச்சரியம் ஒண்ணு இருந்தது. பாடகர் மேடையில இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் நடந்து போறது, கண்ணால பார்க்காமலே காதுல தெரிஞ்சது! ஸ்டீரியோன்னு பேர் வைக்கிறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே ஸ்டீரியோ வந்தாச்சு. அப்புறம் தியேட்ரோஃபோன்னு பேர் வெச்சு, 1890லேருந்து 1932 வரைக்கும் சந்தா வாங்கிக்கிட்டு பாரிஸ்ல இதை ஒரு சேவையாவே நடத்தினாங்க.

இங்கே ஒரு விஷயத்தை முடிச்சு போட்டு வெச்சுக்குங்க. 'என்ன பாடுறாங்க' என்பதும், 'எங்கே நின்னு பாடுறாங்க' என்பதும், முதல் நாள்லேருந்தே ஒரே ஜோடி ஒயர்லதான் வந்தது.

ரெண்டு காது ஏன்?

இதுக்கான கணக்கை 1907ல லார்ட் ரேலே என்கிற ஆங்கில விஞ்ஞானி எழுதினார். நம்ம ரெண்டு காதுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு சாண் தூரம். சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும். வலப்பக்கத்துலேருந்து ஒரு சத்தம் வந்தா, வலது காதுக்கு அது முதல்ல வந்து சேரும். மண்டையைச் சுத்திக்கிட்டு இடது காதுக்குப் போக அதிகபட்சம் 0.6, 0.7 மில்லிசெகண்ட் தாமதம். ஆயிரத்துல ஒரு நொடி கூட இல்லை! அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மூளை திசை சொல்லுது. கீச்சுச் சத்தமா இருந்தா மண்டையே மறைச்சுடும். ஒரு காதுல சத்தம் குறைஞ்சு கேட்கும். அதுவும் ஒரு துப்பு.

சரி, முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயான்னு எப்படித் தெரியுது? அது காது மடலோட வேலை. அந்த மேடு பள்ளங்கள்ல பட்டுத் திரும்பும்போது சத்தத்தோட நிறம் கொஞ்சம் மாறும். ஒவ்வொருத்தர் மடலும் ஒவ்வொரு மாதிரி. நம்ம மடலோட கணக்கை நம்ம மூளை சின்ன வயசுலேருந்தே படிச்சு வெச்சிருக்கு.

மண்ணுக்கு அடியில காலடிச் சத்தம்

கேமிங் ஆளுங்களுக்குப் பிடிக்கப்போற பகுதி இதுதான். முதல் உலகப்போர்ல, பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் பதுங்குகுழிகளுக்கு அடியில ரெண்டு தரப்பும் சுரங்கம் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. எதிரியோட குழிக்குக் கீழ போய் வெடி வைக்கிறதுதான் நோக்கம். நாம தோண்டும்போதே எதிரியும் பக்கத்துல தோண்டிக்கிட்டு இருப்பான். யார் முதல்ல யாரைக் கேட்கிறாங்களோ அவங்க பிழைச்சாங்க.

அதுக்குன்னு ஜியோஃபோன்னு ஒரு கருவி. ஜான் பெரின் என்கிற பிரெஞ்சு இயற்பியலாளர் வடிவமைச்சது. பின்னாடி 1926ல நோபல் பரிசு வாங்கினவர் இவர்தான். மரத்துல செஞ்ச ரெண்டு வட்டப் பெட்டி, உள்ளே பாதரசம். ரெண்டையும் தரையில தள்ளித் தள்ளி வெச்சு, டாக்டரோட ஸ்டெதாஸ்கோப் மாதிரி குழாயை ரெண்டு காதுலயும் மாட்டிக்கணும். ரெண்டு காதுலயும் சத்தம் சமமா கேட்கிற வரைக்கும் பெட்டியை நகர்த்தணும். சமமாச்சுன்னா திசை கிடைச்சாச்சு; திசைமானியை வெச்சுக் குறிச்சுக்கலாம். மறுபக்கம், தன் சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு பூட்ஸைக் கழட்டிட்டு வேலை பார்த்திருக்காங்க.

கவுன்டர் ஸ்ட்ரைக்ல ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் பூனை மாதிரி நடக்குறோம் பாருங்க, அதேதான். நமக்குப் போறது ஒரு ரவுண்டு. அவங்களுக்குப் போனது உசுரு.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1910ல, அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல நதேனியல் பால்ட்வின் என்கிறவர் தன் வீட்டுச் சமையலறையில வெச்சு ஒரு ஹெட்போன் ஜோடியைச் செஞ்சு கடற்படைக்கு அனுப்பினார். வயர்லெஸ்ல வர்ற மெலிசான சத்தத்தையும் அது தெளிவாக் காட்டிச்சு, ஆர்டர் வந்தது. ஆக, பால்ட்வினோட ஹெட்போனை முதல்ல வாங்கினது சங்கீத ரசிகர் இல்லை. தகவல் கேட்கணும்னு தவிச்ச ராணுவம்.

பாட்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க

1937ல பெர்லின்ல பேயர் கம்பெனி டி.டி. 48 வெளியிட்டது. காந்தமும் கம்பிச்சுருளும் வெச்ச இப்போதைய 'டைனமிக்' ஹெட்போன்களுக்கு மூத்த அண்ணன். ஆனா வீட்டுல உட்கார்ந்து பாட்டு கேட்கிறவங்க கைக்கு ஹெட்போன் வந்தது 1958ல. அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல ஜான் காஸ், மார்ட்டின் லாங்கேன்னு ரெண்டு பேர், ஒரு ஹை-ஃபை கண்காட்சிக்கு கையில தூக்கிட்டுப் போற ரெக்கார்ட் பிளேயர் ஒண்ணைக் கொண்டு போனாங்க. அதைக் கேட்டுப் பார்க்கிறதுக்காக எஸ்.பி./3னு ஒரு ஸ்டீரியோ ஹெட்போனும் கூட இருந்தது. வந்தவங்க பிளேயரை விட்டுட்டு ஹெட்போனைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்த நேரமும் அதுதான்.

அடுத்த பெரிய திருப்பம் 1968. ஜெர்மனியோட சென்ஹைசர், ஹெச்.டி. 414னு ஒண்ணு விட்டாங்க. அதுவரைக்கும் காதை இறுக்க மூடுறதுதான் வழக்கம். இவங்க பின்பக்கத்தைத் திறந்து விட்டாங்க. மஞ்சள் கலர் ஸ்பான்ஜ் வெச்ச அந்த மாடல் ஒரு கோடிக்கு மேல வித்தது. 'ஓப்பன் பேக்'னு இப்போ சொல்றோமே, அதோட ஆரம்பம் இது. உள்ள சத்தம் அடைஞ்சு எதிரொலிக்காம வெளியே போயிடுறதால, பாட்டு தலைக்குள்ள இல்லாம கொஞ்சம் தள்ளி, விஸ்தாரமா கேட்கும். 1979 ஜூலையில சோனி வாக்மேன் வந்தது. ஹெட்போன் தெருவுக்கே வந்துடுச்சு.

நாசா வழியா கேமுக்கு

1993ல டூம். பூதம் இடப்பக்கம் இருந்தா இடது காதுல சத்தம் ஜாஸ்தி. இடம் வலம் மட்டும்தான். முன்னாடி பின்னாடி எல்லாம் ஒரே குழப்பம்.

இதுக்கு முன்னாடியே இன்னொரு இடத்துல வேற ஒரு வேலை நடந்துக்கிட்டிருந்தது. 1980கள்ல நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துல எலிசபெத் வென்செலும், கிரிஸ்டல் ரிவர் எஞ்சினியரிங் நடத்தின ஸ்காட் ஃபாஸ்டரும் சேர்ந்து, காது மடல் சத்தத்தை எப்படி மாத்துதுன்னு அளந்து, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல போட்டு, சாதா ஸ்டீரியோ ஹெட்போன்லயே முப்பரிமாணச் சத்தம் கொண்டு வந்தாங்க. இந்தக் கணக்குக்குப் பேர்தான் ஹெச்.ஆர்.டி.எஃப். அந்தக் கம்பெனியை 1996ல ஆரியல் வாங்கினாங்க. 1997லேருந்து ஏ3டி என்கிற பேர்ல சவுண்ட் கார்டு வழியா கேமர்கள் கைக்கு அது வந்தது. 1998ல வந்த ஹாஃப்-லைஃப் இதுக்கு வசதி செஞ்சிருந்தது. அதோட வயித்துல பிறந்ததுதான் நம்ம கவுன்டர் ஸ்ட்ரைக்.

அப்புறம் வழக்கமான சோகம். 1998ல கிரியேட்டிவ் கம்பெனி காப்புரிமை வழக்கு போட்டது. 1999ல தீர்ப்பு ஆரியல் பக்கம். ஆனா வக்கீல் செலவுல கம்பெனி திவாலாச்சு. 2000ல வழக்கு போட்டவங்களே அதை வாங்கிட்டாங்க! கேஸ்ல ஜெயிச்சவன் வீடு ஏலத்துக்கு வந்த கதை. 2007ல வந்த விண்டோஸ் விஸ்டா, சவுண்ட் கார்டுலயே முப்பரிமாணச் சத்தம் கணக்குப் போடுற பழைய வழியையும் அடைச்சுடுச்சு.

அந்தக் காலி இடத்துலதான் 7.1 ஸ்டிக்கர் நல்லா வேரூன்றிச்சுன்னு நான் நினைக்கிறேன். ரேசர் கம்பெனியோட டியாமட் 7.1ல (2012) காதுக்கு அஞ்சு, மொத்தம் பத்து ஸ்பீக்கர். ஆனா ரேலே கணக்கை நினைச்சுப் பாருங்க. பின்பக்கத்துச் சத்தம் பின்பக்கமா கேட்கணும்னா அது மண்டையைச் சுத்தி, மடல்ல பட்டு வரணும். எல்லா ஸ்பீக்கரும் காதை ஒட்டினாப்புல ரெண்டு விரக்கடைக்குள்ள இருந்தா அதுக்கு இடமே இல்லை. எண்ணிக்கை ஏறும், திசை ஏறாது.

தொலைஞ்ச கணக்கு 2016ல திரும்பி வந்தது. ஓவர்வாட்ச்ல டால்பி அட்மாஸ் வழியா, அதே வருஷம் கவுன்டர் ஸ்ட்ரைக்ல, 2021ல வாலரன்ட்ல. இப்போ கேமே கணக்குப் போட்டு, இடது வலதுன்னு ரெண்டே ரெண்டு சேனல்ல திசையை அனுப்பிடுது. அடேர் 1881ல அனுப்புன அதே ரெண்டு.

வேலி எங்கே இருக்கு?

இப்போ அந்த ரெண்டு அலமாரிக்குத் திரும்புவோம். கேமர்கள் கொண்டாடுன ஹைப்பர்எக்ஸ் கிளவுட் (2014) தனியா வானத்துலேருந்து குதிக்கலை. டாக்ஸ்டார் என்கிற சீனக் கம்பெனியோட ப்ரோ 80 என்கிற இசை ஹெட்போன்தான் அதோட அடிப்படை. மைக்கைச் சேர்த்து அலமாரி மாத்துனாங்க. பெரிய கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டிகள்ல ஆட்டக்காரங்க காதுக்குள்ள ஒரு இயர்போன் போட்டு, ரசிகர் கூச்சலும் வர்ணனையும் கேட்கக் கூடாதுன்னு அதுக்கு மேல இரைச்சல் ஓடுற ஒரு பெரிய ஹெட்போனையும் மாட்டுவாங்க. உள்ளே இருக்கிற அந்த இயர்போன் வகை மேடைப் பாடகர்களும் வாத்தியக்காரங்களும் போட்டுக்கிறது. 1995ல ஜெர்ரி ஹார்வி என்கிற சவுண்ட் எஞ்சினியர், வான் ஹேலன் குழுவோட டிரம்மருக்காகச் செஞ்சது பின்னாடி அல்டிமேட் இயர்ஸ் கம்பெனியாவே வளர்ந்தது.

அதாவது, கோடிக்கணக்குல பரிசு இருக்குற இடத்துல ஆடுறவங்க காதுக்குள்ள இருக்கிறது பாட்டுக்காரங்க சாமான். வேலி கடையில இருக்கு, காதுல இல்லை.

அப்போ எதைத்தான் வாங்குறது?

1. ரெண்டே ஸ்பீக்கர் உள்ள நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் போதும். 7.1க்குன்னு தனியா காசு தராதீங்க.

2. தனி ரூம், அமைதியான வீடுன்னா ஓப்பன் பேக். விஸ்தாரமும் கிடைக்கும், காதும் வேர்க்காது. பக்கத்துல ஆள் தூங்குறாங்க, ஃபேன் கடகடன்னு ஓடுதுன்னா மூடின வகை.

3. பேஸ் அதிகமா உறுமுறதை ஒதுக்குங்க. கனமான கீழ்ச் சத்தம் அதுக்கு மேல இருக்குற மெல்லிசான சத்தங்களை அமுக்கிடும். கேம்ல அமுங்குறது காலடி. பாட்டுல அமுங்குறது வயலின். கடையிலயே ராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டுப் பாருங்க. வயலின்களைத் தனித்தனியாப் பிரிச்சு, இடம் மாறாம வைக்கிற ஹெட்போன், எதிரி காலடியையும் அப்படியே வைக்கும்.

4. ஓம் கணக்கைப் பாருங்க. டி.டி. 990 ப்ரோவோட 250 ஓம் மாடலை லேப்டாப்புல நேரா சொருகினா குரல் எழும்பாம போகலாம். தனியா ஆம்ப் கேட்கும். ஆம்ப் வாங்குற உத்தேசம் இல்லேன்னா 32லேருந்து 80 ஓம்குள்ள நில்லுங்க.

5. போட்டி ஆடணும்னா ஒயர், இல்லேன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். சாதா ப்ளூடூத்ல சத்தம் நூறு மில்லிசெகண்டுக்கு மேல தாமதமா வரலாம். அது மட்டுமில்லை, மைக்கை ஆன் பண்ணின உடனே பல ப்ளூடூத் ஹெட்போன்ல சத்தம் மோனோ ஆயிடும். மோனோன்னா திசை மொத்தமா காலி.

6. கேம்ல ஹெச்.ஆர்.டி.எஃப் இருந்தா அதை ஆன் பண்ணிட்டு, விண்டோஸ்லயும் ஹெட்செட் மென்பொருள்லயும் இருக்குற சரவுண்டை ஆஃப் பண்ணுங்க. ஒரு தடவை கணக்குப் போட்டதுக்கு மேல இன்னொரு கணக்கு போட்டா சாம்பார்ல ரசத்தை ஊத்துன கதைதான். பாட்டு கேட்கும்போது ரெண்டுமே வேண்டாம்.

மைக் வேணுமேன்னா, தனியா ஒரு சின்ன மைக் வாங்கிக்கலாம். மைக் கெட்டா மைக்கை மட்டும் மாத்தலாம்.

கடைசியா சத்த அளவு. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90ல வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பகல்ல ஆபீஸ் மீட்டிங், சாயங்காலம் கேம், ராத்திரி பாட்டுன்னு ஒரே நாள்ல மூணு ஷிஃப்ட் காது கொடுக்குற நமக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். ஜியோஃபோன் பிடிச்சவங்க வெறுமனே கருவியை மட்டும் நம்பி எதிரியைக் கண்டுபிடிக்கலை. சுத்தி இருந்த எல்லாரையும் அமைதியா இருக்கச் சொல்லிட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க. ஃபேனைக் குறைச்சுட்டு, வால்யூமையும் ரெண்டு புள்ளி இறக்கி வெச்சு ஒரு ரவுண்டு ஆடிப் பாருங்க.