வன்னிப் பள்ளிகளில் வினோத உடை

வன்னிப் பெருநிலத்தின் பள்ளிகளில் பிள்ளைகள் வேடம் பூண்டு வரும் நிகழ்ச்சி ‘வினோத உடை’ என்ற பெயரால் வழங்குகிறது. ஆண்டின் முதலாந் தவணையில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும், முன்பள்ளிகளின் விளையாட்டு விழாவிலும், ஒக்ரோபர் 1ஆம் திகதி வரும் சிறுவர் தினத்திலும் அதற்கு இடம் உண்டு. அணிநடை, கயிறிழுத்தல், பலூன் ஊதி உடைத்தல், தொப்பி மாற்றுதல் ஆகியவற்றுக்கு நடுவே சில நிமிடங்கள் மட்டுமே நடக்கும் நிகழ்ச்சி அது. ஆனால் வீட்டில் அதற்கான ஆயத்தம் நாட்கணக்கில் நடக்கும். என்ன வேடம், யாருடைய சேலை, மீசை எதனால், கிரீடம் யார் செய்வது என்ற பேச்சில் அம்மம்மா முதல் அயல்வீட்டு அண்ணா வரை எல்லோரும் சேர்ந்துகொள்வர்.

இந்த வழக்கத்துக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று ஆங்கிலேயர் காலப் பள்ளிகளோடு வந்தது. மற்றையது அதற்கு மிக முந்தியது; ஊர்க் கோயில் வெளியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்று பிள்ளைகளுக்கு உடுத்தப்படும் வேடங்களைப் பார்த்தால், நிகழ்ச்சியின் வடிவம் ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தது என்பதும், வேடம் கட்டும் கைவேலை கூத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து தனி மரபாக வளர்ந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை அண்டி வாழும் ஊர்களில் கண்ணகி கதை வெறும் இலக்கியமாக நிற்பதில்லை. கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கமும், ‘சிலம்பு கூறல்’ என்னும் ஏடும், கோவலன் கூத்தும் ஒரே வழிபாட்டின் பகுதிகள். இந்தக் கூத்தின் ஆட்டமுறையை ‘முல்லைமோடி’ என்று சொல்வதும் உண்டு. அதற்கு இணையாகப் பரவியது காத்தவராயன் கூத்து. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடப்படும் இந்தச் சிந்துநடைக் கூத்தில் காத்தானின் பருவத்துக்கேற்ப ஆட்கள் மாறுவர். சிறு வயதுக் காத்தானாகிய பாலகாத்தானை ஊர்ச் சிறுவன் ஒருவனே ஆடுவான். கதைக்குள்ளும் காத்தான் ஆரியமாலையை அடைவதற்காக வளையல் விற்பவன் முதலான உருவங்களை எடுக்கிறான். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு வேடம் போடத் தொடங்குமுன்னரே, சிறுவனுக்கு வேடம் கட்டி ஆயிரம் கண்களுக்கு முன்னால் நிறுத்தும் துணிவும் பழக்கமும் இந்த ஊர்களுக்கு இருந்தன.

கூத்துடுப்பு செய்வது தனிக் கலை. பிரம்பை அல்லது மெல்லிய தடியை வளையமாகக் கட்டித் துணி போர்த்த கரப்புடுப்பு, அரசர் வேடத்துக்குரியது. கிரீடத்துக்கு முள்முருக்கு போன்ற பாரமில்லாத மரம் எடுப்பர். அதன்மேல் கண்ணாடித் துண்டுகளும் மினுங்கும் தாளும் ஒட்டுவர். புயத்துக்கும் மார்புக்கும் தனித்தனி அணிகள், காலுக்குச் சதங்கை, முகத்துக்கு அரிதாரம். எண்ணெய் விளக்கிலும் பின்னர் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்திலும் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே இந்த ஒப்பனையின் அளவுகோல். அரசனா, முனிவனா, வேடனா என்பது வாய் திறக்குமுன் தெரிந்துவிட வேண்டும். விளையாட்டு மைதானத்தின் நடுவே நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையின் உடைக்கும் இதே விதி பொருந்துகிறது. அந்தப் பிள்ளை வசனம் பேசாது. சில வேளை அழவும் செய்யும். உடை ஒன்றே பேச வேண்டும். கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரோடு பழகிய ஊர்களில் பிள்ளைகளின் கிரீடங்கள் நன்றாக அமைவதற்குக் காரணம் இதுதான்.

ஆங்கிலப் பள்ளியோடு வந்த மூலத்தின் கதை வேறு. ஐரோப்பாவில் மாறுவேட விருந்து பிரபுக்களின் பொழுதுபோக்காகத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் நடுத்தர வீடுகளுக்கும் சிறுவர்களுக்கும் வந்தது. என்ன வேடத்துக்கு எந்தத் துணி என்று சொல்லும் கைநூல்கள் அக்காலத்தில் இலண்டனில் விற்பனையாயின. குடியேற்ற நாடுகளின் ஆங்கிலேயர் கழகங்களும் மிசன் பள்ளிகளும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தன. இலங்கையில் பள்ளி விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சிநிரலில் அது ஓர் அங்கமாக நின்றுவிட்டது.

வன்னிக்கு அது பிந்தியே வந்தது. ஆங்கிலேய ஆட்சி அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் காட்டும் நிலம், காடும் பாழடைந்த குளங்களும் காய்ச்சலும் நிறைந்து, மக்கள் அருகி வாழ்ந்த நிலம். பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலையும், 1930களில் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றமும் நிலைமையை மாற்றின. உருத்திரபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை நம்பிய குடியேற்றங்கள் அடுத்த பதிற்றாண்டுகளில் பெருகின. 1945இல் வந்த இலவசக் கல்வி அந்தக் குடியேற்றங்களுக்குப் பள்ளிகளைத் தந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தம் ஊர்க் கூத்தையும் இசைநாடகத்தையும் கூடவே கொண்டுவந்தன. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையகத் தமிழர் காமன் கூத்தை அறிந்தவர்கள். ரதி, மன்மதன் வேடங்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆக, ஒரு குடியேற்றப் பள்ளியின் மைதானத்தில் மூன்று வேறு வேடமரபுகளைக் கண்டு வளர்ந்த பெற்றோர் அருகருகே நின்றனர்.

பள்ளி மேடை ஒரு பெரிய மாற்றத்தையும் செய்தது. கூத்தில் கண்ணகியையும் ஆரியமாலையையும் ஆண்களே ஆடினர். பெண்பிள்ளை ஊரார் முன்னால் வேடம் கட்டி நிற்கலாம் என்ற நிலையைப் பள்ளிக்கூடமே உண்டாக்கியது. வினோத உடையை வெறும் விளையாட்டாகக் கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

வேடத் தெரிவில் முதலில் வந்தவை தெய்வங்களும் புலவர்களும். கண்ணனுக்கு வேண்டிய மயிலிறகு வன்னியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வயல் வரம்பில் கிடக்கும். முருகனுக்கு வேல், ஔவையாருக்கு அப்பம்மாவின் வெள்ளைச் சேலையும் பஞ்சுத் தலைமுடியும் ஊன்றுகோலும், பாரதியாருக்குத் தகப்பனின் கறுத்தக் கோட்டும் கண்மையால் வரைந்த மீசையும். ஆறுமுக நாவலருக்குத் திருநீறும் உருத்திராக்கமும் வெள்ளை வேட்டியும் போதும்; சுவாமி விபுலானந்தருக்கு ஒரு காவித் துணி. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நத்தார் நாடகத்தின் சம்மனசும் இடையரும் மூன்று ராசாக்களும் ஏற்கெனவே பழகிய வேடங்கள். சம்மனசின் சிறகு அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் தேவதையின் சிறகாகிவிடும். 1993 முதல் அரசு வழங்கும் இலவசச் சீருடைத் துணியும் இதில் பங்கு பெற்றது. வெள்ளைச் சட்டை இருந்தால் வைத்தியர், தாதி, சட்டத்தரணி ஆகிய மூவரும் பாதி ஆயத்தம்.

தொழில் வேடங்களில் கமக்காரனே முதலிடத்தில் நின்றான். மடித்துக் கட்டிய சாரம், தலைப்பாகை, தோளில் மண்வெட்டி. வயலில் தகப்பன் தினமும் உடுப்பதையே மகன் மைதானத்தில் உடுக்கிறான் என்பதால் இதை வேடமாக எண்ணலாமா என்று கேட்கத் தோன்றும். எண்ணலாம். நெல் விளைவித்து வாழும் சமூகம் தன் தொழிலைப் பரிசுக்குரியதாக மைதானத்தில் நிறுத்துவது சிறிய காரியமல்ல. பிறிஸ்டல் போட்டில் வெட்டிய கிரீடத்தைவிட அந்த மண்வெட்டிக்கு அழுத்தம் அதிகம்.

வன்னிக்கே உரிய வேடம் பண்டாரவன்னியன். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்து, அதே ஆண்டு கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோற்ற இந்தத் தலைவனுக்கு அவன் காலத்து ஓவியம் எதுவும் இல்லை. அவன் எப்படி உடுத்தான் என்பதை முடிவு செய்தவை பிற்காலத்து நாடக மேடையும் சிலைகளுமே. முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகம் 1960களிலிருந்து அவனைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. வவுனியாவில் நிற்கும் சிலை அவன் தோற்றத்தை ஊரறியச் செய்தது. வாளும் மீசையும் தலைப்பாகையுமாக வரும் சிறுவன் உண்மையில் அந்த மேடையின் வாரிசு. இதற்கு இணையான பெண் வேடம் அரியாத்தை. யானை பிடிக்கும் பணிக்கர் குலத்தில் வேலப்பணிக்கனின் மனைவியாக வாழ்ந்து, மதங்கொண்ட யானையை அடக்கியவள் என்று வன்னி நாட்டார் மரபு அவளைப் போற்றுகிறது. அவள் பெயரில் ஓர் ஒப்பாரி வழங்குகிறது. கதை கூத்தாகவும் ஆடப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் யாழ்ப்பாணம் வழியாகக் கடல் கடந்து விற்கப்பட்டதை நினைத்தால், இந்தக் கதை எந்த மண்ணில் முளைத்தது என்பது விளங்கும்.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் தொடங்கிய பொருளாதாரத் தடை, உடுப்பின் வரலாற்றையும் திருப்பியது. எரிபொருள், பற்றரி, சீமெந்து ஆகியவற்றோடு படைச் சீருடையை ஒத்த துணியும் தடைக்குள் அடங்கியது. 2002 வரை கடைப் பொருள் அருகிய பன்னிரண்டு ஆண்டுகளில் பனையோலை, வாழைநார், உரப்பை, பழைய சேலை ஆகியவையே கைக்கு எட்டின. 1995–96இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து வந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரமும் வெறுமையானது. வகுப்புகள் மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் நடந்தன. 2002இன் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறக்க, தென்னிலங்கைப் பொருட்கள் கடைகளுக்கு வந்தன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெறிந்தது. 2006இல் போர் மறுபடி தொடங்கி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்ட லட்சக்கணக்கானோர் ஊர் திரும்புவது 2012 செப்டெம்பர் வரை நீண்டது. வீடும் பள்ளியும் போனபோது கூத்துடுப்புப் பெட்டிகளும் போயின. தலைமுறையாகச் சேர்த்த கிரீடங்களையும் சதங்கைகளையும் ஏடுகளையும் இழந்த ஊர்களுக்கு அந்த இழப்பை ஈடுசெய்ய எந்த உதவித் திட்டமும் போதாது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் வினோத உடை முன்பள்ளிகளில் முன்னைவிட வேகமாகத் தழைத்தது. சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் நடத்திய முன்பள்ளிகளோடு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இயங்கிய முன்பள்ளிகளும் பெருகின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது. நகரத்துக் கடைகளில் ஆயத்த உடுப்புகள் தொங்கின. நடன உடை வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் பரதநாட்டிய உடுப்பு, ராசா உடுப்பு எல்லாம் கிடைத்தன. தொலைக்காட்சியின் சிலந்தி மனிதனும் அவற்றோடு மைதானத்துக்கு வந்தான்.

பாடத்திட்டமும் தெரிவைப் பாதித்தது. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடத்தில் பாத்திரமேற்று நடிப்பதற்கு இடம் கொடுத்தது. எமக்கு உதவுவோர் என்ற கருப்பொருளைத் தழுவித் தபாற்காரர், வைத்தியர், ஆசிரியர் வேடங்கள் பெருகின. சிறுவர் சந்தை என்ற இன்னொரு நாளும் வேரூன்றியது. பிள்ளைகள் சாரமும் தலைப்பாகையும் சேலையும் உடுத்து, வீட்டுத் தோட்டத்துப் பூசணியையும் கத்தரியையும் பயறையும் நிலக்கடலையையும் நிறுத்து விற்பர். வேடத்தோடு கணக்கும் பழகும் அந்த நாளுக்கு வாடகை உடுப்பு தேவையே இல்லை.

வேடத் தெரிவில் வன்னிக்கென்று சில கவனங்கள் உண்டு. படை வேடமும் விளையாட்டுத் துவக்கும் பிற இடங்களில் சாதாரணம். காணாமற்போன உறவைத் தேடும் குடும்பம் பார்வையாளர் வரிசையில் இருக்கும் மைதானத்தில் அவை சாதாரணமல்ல. பிச்சைக்காரன், பைத்தியக்காரன், குறவன், குறத்தி என்ற பழைய வேடங்களும் விலக்கத்தக்கவை. போரில் அவயவம் இழந்தோரும் மனம் நொந்தோரும் வாழும் ஊரில் பிறர் நிலையைச் சிரிப்பாக்குவது முறையல்ல. மாசி வெயிலில் தடித்த செயற்கைத் துணி சிறு பிள்ளையை வாட்டும், பருத்தியே நல்லது. ரெஜிபோம் கவசம் பார்வைக்கு அழகு, ஆனால் பிள்ளையால் இருக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட காலத்தில், ஒரு பகல் உடுக்கும் உடைக்கு நாட்கூலி முழுவதையும் கொடுக்க வேண்டி வந்த பெற்றோர் பலர். விலை உயர்ந்த வாடகை உடுப்புக்கே பரிசு என்றால், இல்லாத வீட்டுப் பிள்ளை தோற்றுத்தான் வரும். வீட்டில் செய்ததற்குக் கூடுதல் புள்ளி என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இந்த அநீதி பெருமளவு தீரும்.

கரப்புடுப்பு கட்டவும் பாரமில்லாத கிரீடம் செய்யவும் தெரிந்த அண்ணாவிமார் இன்னும் வன்னி ஊர்களில் இருக்கின்றனர். அவர்களின் அறிவு கைவழியாகவே வந்தது, கைவழியாகவே கடத்தப்பட வேண்டியது. விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரத்தில் ஒரு பிற்பகல் அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வேலையைக் கற்பிக்கச் செய்வது எந்த அதிபருக்கும் இயலக்கூடிய காரியம். அதைச் செய்ய வேண்டும்.