பிங்க் ஃபிளாய்டு

1965இல் லண்டனில் உருவான ஆங்கில ராக் இசைக்குழு. சைக்கடெலிக், புரோகிரசிவ் ராக் வகைகளின் முன்னோடி. சிட் பாரெட், ராஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோர் தொடக்க உறுப்பினர்கள். 1967இல் வந்த முதல் இசைத்தொகுப்பு பெரிதும் பாரெட்டின் ஆக்கம். மனநலம் குன்றிய அவர் 1968இல் விலக, கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் அவரிடத்தை நிரப்பினார். அதன்பின் பாடல்கள் நீண்டன. 'எக்கோஸ்' (1971) இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்தது. குழுவின் உச்சம், அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973). அதிலுள்ள 'மனி' பாடலின் தொடக்கத்தில் நாணயங்கள், கல்லாப்பெட்டி ஆகியவற்றின் ஓசைகளைப் பதிந்து, நாடாத் துண்டுகளை அளந்து வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கைத் தாளமாகச் சுழலவிட்டனர். 'தி வால்' (1979) வாட்டர்ஸின் கருத்தில் எழுந்த, கதை சொல்லும் இசைத்தொகுப்பு. 1985இல் அவர் வெளியேறினார். கில்மோர் தலைமையில் குழு தொடர்ந்தது. கடைசி ஸ்டுடியோ இசைத்தொகுப்பு 'தி எண்ட்லெஸ் ரிவர்' 2014இல் வெளியானது.