முந்திரிகைச் செய்கையும் வைன் உற்பத்தியும் (யாழ்ப்பாணக் குடாநாடு)

இலங்கையில் முந்திரிகை (திராட்சை) விளைச்சலுக்குப் பெயர்போனது யாழ்ப்பாணக் குடாநாடு. பெரும்பகுதி பழமாகவே விற்பனையாகிறது. வைன் வடிப்பு சிறிய அளவிலானது. அதில் நன்கு அறியப்பட்டது தோலகட்டியில் இயங்கும் செபமாலைதாசர் ஆச்சிரமம். தோமஸ் அடிகளார் 1928இல் நிறுவிய கத்தோலிக்கத் துறவற சபை இது.

முந்திரிகைச் செய்கையைச் செலவேற்றம் மற்றப் பயிர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. வெங்காயமோ மிளகாயோ நடுபவர் விலை சரியில்லையென்றால் ஒரு போகத்தைத் தவிர்க்கலாம். முந்திரிகைக்காரருக்கு அந்த வழி இல்லை. பந்தலின் தூணிலும் கம்பியிலும் பல ஆண்டு முதலீடு முடங்கிக் கிடக்கிறது. கவ்வாத்து, பூஞ்சணநாசினி, கிணற்று இறைப்பு எதையும் நிறுத்தினால் கொடியே போய்விடும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. 2022 மார்ச்சுக்குப் பின் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதால் இறக்குமதி உள்ளீடுகள் அனைத்தும் விலை உயர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைத்த சிறு தோட்டக்காரருக்கு இதுவே பேரடி.

வைன் வடிப்பவருக்குச் சுமை இரட்டிப்பு. பழத்தோடு சீனியும் போத்தலும் விலையேறுகின்றன. நொதித்து முதிரும்வரை முதல் திரும்பாது. நெருக்கடியில் குடும்பங்கள் முதலில் கைவிடும் பொருள்களில் வைனும் ஒன்று.